தலைமுறை தோறும் வாசிப்பு

தம் மக்களுக்கு எதை விட்டுச் செல்லலாம் என்று எண்ணாத அங்கத்தினர் நம் சங்கங்களில் ஒருவரும் இரார். தறி வைத்திருப்போர் தறியை விட்டுச் செல்கின்றனர். நிலமுடையோர் நிலத்தையும் கிணற்றையும் விட்டுச் செல்கின்றனர். சங்கத்தில் உள்ள பங்குத் தொகைக்கு வாரிசு இன்னார் என்பது ஏட்டில் ஏறிவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் பத்திரம் உண்டு, சாட்சி உண்டு, முத்திரையும் உண்டு. ஆனால் பத்திரம் எழுதி விட்டுச் செல்ல இயலாத செல்வம் ஒன்று உண்டு. அதுவே நூல்களை வாசிக்கும் விருப்பம். அது ஒரு குடும்பத்தில் எவ்வாறு ஒருவரிடமிருந்து மற்றொருவரைச் சென்று சேர்கிறது, எவ்விடத்தில் அறுந்து போகிறது, அறாமற் காக்க நாமும் நம் சங்கங்களும் செய்யக்கூடியது யாது என்பன பற்றிச் சில கருத்துகளை அங்கத்தினர் முன் வைக்க விரும்புகிறோம்.

படிப்பும் வாசிப்பும்

முதற்கண் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். படிப்பு வேறு, வாசிப்பு வேறு. படிப்பின் மதிப்பை நம் மக்கள் நன்கு அறிவார்கள். சிலமலை முதலிய மலையடிவார ஊர்களில் கூலி வேலை செய்யும் குடும்பமும் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பத் தயங்குவதில்லை. அதற்காக நகையை அடகு வைக்கிறது, கடன் வாங்குகிறது, நல்ல உணவைக் குறைத்துக் கொள்கிறது. இது போற்றத்தக்கதே. ஆயினும் அவ்வீட்டினுள் சென்று பார்த்தால், பாடப்புத்தகம் தவிர வேறு நூல் ஒன்றேனும் இராது. பாடப்புத்தகமும் தேர்வு முடிந்த மறுவாரம் பழைய தாள் வாங்குபவரின் தராசில் ஏறிவிடுகிறது. கட்டாயத்தால் கையில் எடுத்த நூல், கட்டாயம் நீங்கியதும் கையை விட்டுப் போவது இயல்புதானே!

இதன் விளைவை நாம் எங்கே காண்கிறோம்? சங்க அலுவலகத்திலேயே காண்கிறோம். பட்டம் பெற்ற மகன் கடன் மனுவில் காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்திட்டு எழுந்து விடுகிறான். அருகில் அமர்ந்திருக்கும் அவனுடைய பாட்டனார், மூன்றாம் வகுப்புக்கு மேல் பள்ளி அறியாதவர், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு, தவணை எத்தனை, வட்டி எவ்வளவு, தவறினால் அபராதம் யாது என்று விரல் வைத்து எழுத்தெழுத்தாகப் படிக்கிறார். இக்காட்சியை ஆய்வுக்குச் சென்ற இடங்களில் நாம் ஒருமுறையன்று, பலமுறை கண்டதுண்டு. இருவரில் படித்தவர் யார் என்று கேட்டால் சான்றிதழ் பேரனைக் காட்டும். வாசிப்பவர் யார் என்று கேட்டால் விரல் பாட்டனாரைக் காட்டும்.

கூட்டுறவில் ஒவ்வோர் அங்கத்தினரும் முதலாளி. தன் சங்கத்தின் துணைவிதிகளையும் வரவுசெலவு அறிக்கையையும் வாசிக்காத முதலாளி, பெயரளவில் மட்டுமே முதலாளி. பொதுப்பேரவையில் மற்றவர் கை தூக்கக் கண்டு தானும் தூக்குவார். தவறு நடந்தபின் அதைக் கண்டுபிடிக்கத் தணிக்கையாளரால் முடியும். தவறு நடவாமல் தடுக்க வாசிக்கும் அங்கத்தினரால்தான் முடியும். ஆகவே, வீட்டில் வாசிப்பு வளர்வது சங்கத்துக்குத் தொடர்பில்லாத செய்தி என்று ஒருவரும் ஒதுக்க வேண்டா.

செவிவழி வந்த செல்வம்

நம் முன்னோரில் எழுத்தறிந்தோர் சிலரே. ஆனால் நூலறிந்தோர் பலர். இது முரண் போலத் தோன்றும். உண்மையில் முரண் அன்று. எழுத்தறிந்த ஒருவர் படிக்க, ஊரே கூடிக் கேட்டது. மழை பொய்த்த காலத்தில் பாரதத்தின் விராட பருவத்தைப் படித்தால் மழை பெய்யும் என்ற நம்பிக்கையால், மண்டபத்தில் பல நாள் தொடர்ந்து படித்தார்கள். மழை பெய்ததோ இல்லையோ, கேட்டவர் நெஞ்சில் பாரதம் பெய்தது. அல்லி அரசாணி மாலை, நல்லதங்காள் கதை, விக்கிரமாதித்தன் கதை முதலியன 'பெரிய எழுத்து' நூல்களாகச் சந்தையிலும் திருவிழாக் கடையிலும் விற்றன. கண் மங்கியவரும், விளக்கு மங்கிய வீட்டாரும், எழுத்துக் கூட்டிப் படிப்பவரும் படிப்பதற்கென்றே அவ்வெழுத்துகள் பெரியனவாக அச்சிடப்பெற்றன. ஒருவர் படிக்கத் திண்ணை நிறையக் கேட்டார்கள். நல்லதங்காளுக்காக அழாத பெண்கள் இல்லை.

திருக்குறளில் கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்து வள்ளுவர் வைத்தது கேள்வி என்னும் அதிகாரம். கல்லாதவனும் கேட்க வேண்டும் என்பது அவர் துணிபு. படிக்கத் தெரியாதவர்க்கு நூலுலகில் இடமில்லை என்று நாம் நினைப்பது பிற்காலத்து நினைப்பு. நம் மரபு அதுவன்று.

அடுத்து வந்தது பத்திரிகைக் காலம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, இதழ் வந்த அன்று யார் முதலில் படிப்பது என்று வீடுகளில் வழக்கே நடந்தது. தொடர்கதைப் பக்கங்களைத் தனியே எடுத்து, வரிசையாக அடுக்கி, தைத்து, அட்டை கட்டி வைத்தார்கள். அவ்வாறு கட்டிய தொகுதிகளை இன்றும் சில வீட்டுப் பெட்டிகளில் காணலாம். ஓரத்தில் எண்ணெய்க் கறை. நடுவில் ஒரு விளம்பரம். முதற் பக்கத்தில் வாங்கியவர் பெயரும் தேதியும். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா இன்று வெளிவருவதில்லை. ஆனால் அதில் வந்த வேதாளக் கதைகளைத் தம் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லும் பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள்.

நம் வட்டாரம் எழுத்துக்கு வறண்ட நிலமும் அன்று. 1959-இல் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கி, தம் நூல்களைத் தாமே சுமந்து சென்று கல்லூரிகளில் விற்ற சி. சு. செல்லப்பா பிறந்தது சின்னமனூர். கவிஞர் நா. காமராசன் பிறந்தது போடி மீனாட்சிபுரம். இலவம் பஞ்சுக்கும் ஏலக்காய்க்கும் பெயர் பெற்ற மண், எழுத்தாளரையும் தந்திருக்கிறது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

மூன்று குடும்பங்கள்

வாசிப்பு விருப்பம் ஒரு குடும்பத்தில் எவ்வாறு இறங்கி வருகிறது என்பதை மெய்யான வரலாறுகளிலிருந்தே காண்போம்.

தமிழ்த் தாத்தா என்று நாம் போற்றும் உ. வே. சாமிநாதையர் 1855-இல் பிறந்தவர். அவருடைய சொந்த ஊர் உத்தமதானபுரம். அவருடைய தந்தையார் செல்வரல்லர். இசை பாடியும் கதை சொல்லியும் வாழ்ந்தவர். மகனுக்குத் தமிழில் தீராத விருப்பம் என்று கண்டதும் அத்தந்தை செய்தது யாது? அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் என்று, தமிழ் சொல்லித் தருவார் உள்ள ஊர்களுக்கெல்லாம் குடும்பத்தோடு பெயர்ந்தார். முடிவில் மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மகனைக் கொண்டு சேர்த்தார். பிழைப்புக்காகக் குடிபெயர்வாரை நாம் நாள்தோறும் காண்கிறோம். மகனின் நூலார்வத்துக்காகக் குடிபெயர்ந்த அந்தத் தந்தை இல்லையேல், 1887-இல் சீவக சிந்தாமணி அச்சேறியிராது. சிலப்பதிகாரமும் புறநானூறும் நமக்கு அத்துணை விரைவில் கிட்டியிரா.

அதே ஐயரின் வரலாற்றிலேயே மறுபக்கமும் உண்டு. சுவடி தேடி அவர் ஊர் ஊராகச் சென்றார். புலவர் பலர் வாழ்ந்த வீடுகளின் கதவைத் தட்டினார். சில வீடுகளில் சுவடிகள் பேணி வைக்கப்பட்டிருந்தன. வேறு சில வீடுகளிலோ பாட்டனார் எழுதிக் காத்த ஏடுகளை, இடத்தை அடைக்கின்றன என்று ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்டுவிட்டார்கள். சுவடி பேரனுக்குச் சொத்தாக வந்தது. அதை விரும்பும் நெஞ்சு வரவில்லை. நூலைப் பேழையில் வைத்துப் பூட்டி விட்டுச் செல்லலாம். விருப்பத்தை அவ்வாறு விட்டுச் செல்ல முடியாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாவது, டாக்டர் அம்பேத்கரின் குடும்பம். அவருடைய தந்தையார் ராம்ஜி சக்பால் படைப்பள்ளியில் ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். கபீரின் வழியைப் பின்பற்றியவர். கபீர் காசியில் தறி நெய்து வாழ்ந்தவர் என்பது நம் நெசவாளர் அறிந்ததே. அந்நெசவாளியின் பாடல்களும் பாரத இராமாயணக் கதைகளும் ராம்ஜியின் வீட்டில் நாள்தோறும் ஒலித்தன. பிள்ளைகள் உடனிருந்து கேட்டனர். பின்னர்ப் பம்பாயில் பரேல் பகுதியில் ஒற்றை அறையில் குடும்பம் வாழ்ந்தது. படுக்கவே இடமில்லை. தந்தை இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து, மகனை எழுப்பிப் படிக்கச் செய்து, அதன் பின்னரே தாம் உறங்கச் செல்வார். மகன் ஒரு நூல் வேண்டும் என்றால் கையில் காசிராது. மணமாகிச் சென்ற பெண்மக்களிடம் போய்ப் பணமோ நகையோ கேட்டு வாங்கி, நகையாயின் அடகு வைத்து, நூலை வாங்கி வருவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுக் கொடுப்பார். நகைக்கடன் நம் சங்கங்களில் நாள்தோறும் நடப்பதே. நூல் வாங்குவதற்காக வைத்த நகையை மட்டும் நாம் இதுவரை கண்டதில்லை. அந்த மகன்தான் பிற்காலத்தில் நாட்டின் அரசியல் சட்டத்தை வரைந்த குழுவுக்குத் தலைமை தாங்கினார். தாதரில் நூல்களுக்கென இடம் வகுத்துத் தம் இல்லத்தைக் கட்டினார்.

மூன்றாவது குடும்பம் நம் காலத்தது. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 'ஞானாலயா' என்னும் நூலகம் உள்ளது. பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி என்னும் ஆசிரியத் தம்பதியர் தம் வருவாயைக் கொண்டு சேர்த்தது. தந்தை தந்த பழைய நூல்களே அதன் தொடக்கம். சிறு தொகுதியாகக் கைக்கு வந்தது, ஆராய்ச்சி மாணவர் பல ஊர்களிலிருந்தும் தேடி வரும் பெருநூலகமாக வளர்ந்தது. இவர்களும் அரண்மனையில் பிறந்தவரல்லர், மாதச் சம்பளக்காரர்.

இம்மூன்று குடும்பங்களுக்கும் பொதுவானது யாது? மொழி வேறு, ஊர் வேறு, சாதி வேறு, செல்வம் எவரிடத்தும் இல்லை. பெற்றோர் "படி, படி" என்று ஓதியதனால் மட்டும் பிள்ளைகள் வாசகர் ஆகவில்லை. நூலுக்காகத் தம் பெற்றோர் ஏதோ ஒன்றை இழப்பதைப் பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். ஒருவர் ஊரை இழந்தார். ஒருவர் உறக்கத்தை இழந்தார். ஒருவர் தம் நூல்களையே கொடுத்தார். எதற்காகப் பெரியவர்கள் இழக்கச் சித்தமாயிருக்கிறார்களோ, அதுவே மதிப்புடையது என்று குழந்தை முடிவு செய்கிறது.

தறி கற்பிக்கும் பாடம்

இவ்வுண்மையை நெசவாளர்க்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஆண்டிபட்டி வட்டாரத்துச் சக்கம்பட்டியிலும் சுப்புலாபுரத்திலும் தறித் தொழிலைப் பிள்ளைகள் எவ்வாறு கற்றார்கள்? புத்தகத்திலா? விரிவுரையிலா? தந்தை நெய்ய, தாய் ராட்டையில் தார் சுற்ற, நாடா ஓடும் ஓசையைக் கேட்டுக்கொண்டே குழந்தை தறிக்குழியின் ஓரத்தில் வளர்ந்தது. அறுந்த இழையை எடுத்துக் கொடுத்தது. கை எட்டியபோது மிதியிலும் கால் வைத்தது. கற்றுக்கொண்டோம் என்று அறியாமலே கற்றுக்கொண்டது. வாசிப்பும் அவ்வாறே கற்கப்படும் தொழில். காணாத தொழிலைக் கற்றவர் இல்லை.

நூல் என்னும் ஒரு சொல்லே பருத்தி இழைக்கும் புத்தகத்துக்கும் வழங்கி வருவது தமிழின் சிறப்பு. நன்னூல் செய்த பவணந்தி முனிவர், புத்தகத்துக்கு அப்பெயர் வந்த காரணம் கூறும்போது, சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் உருவகம் செய்தார். நாம் இன்னும் ஒருபடி மேலே செல்வோம். பாவு முடியும் தறுவாயில் நெசவாளர் என்ன செய்கிறார்கள்? பழைய பாவை முற்றும் அறுத்தெறிந்துவிட்டு விழுதிலும் அச்சிலும் புதிதாக இழை கோப்பதில்லை. பழைய பாவின் ஒவ்வோர் இழை நுனியோடும் புதிய பாவின் ஓர் இழையைப் பிணைக்கிறார்கள். அது பொறுமைக்குரிய வேலை. பெரும்பாலும் பெண்களின் விரல்களே அதைச் செய்கின்றன. பிணைத்துவிட்டால், பழையது இழுக்கப் புதியது தானே வந்து சேர்கிறது. ஒரே ஒரு தலைமுறை பிணைக்காமல் விட்டுவிட்டால், அடுத்தவர் முதலிலிருந்து ஒவ்வோர் இழையாகக் கோத்தாக வேண்டும். வாசிப்பு அறுந்த வீட்டில் அதை மீண்டும் தொடங்குவது அத்துணை அரிது.

சொல்லப்படும் தடைகள்

"எங்களுக்கு ஏது நேரம்?" என்பது முதல் தடை. ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக மலைக்குச் சென்று, இருட்டியபின் திரும்பும் பெண்மணியிடம் வாசிப்பைப் பற்றிப் பேசுவது அறமாகுமா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. விடையும் நியாயமாக இருக்கட்டும். அவர் திரும்பி வந்தபின் அடுப்பையும் பாத்திரத்தையும் துணியையும் அவர் தலையிலேயே சுமத்தும் வரை அவருக்கு நேரம் இராது. வீட்டு வேலையை ஆண்களும் பங்கிட்டுக் கொண்டால் அரைமணி கிடைக்கும். அவர் நூலைக் கையில் எடுக்க இயலாத அளவு களைத்திருந்தால், மகள் உரக்க வாசிக்கட்டும், அவர் கேட்கட்டும். கேட்பதும் வாசிப்பே என்று முன்னரே சொன்னோம். காய் உலர்த்தும் ஸ்டோரில் இரவெல்லாம் சூட்டைக் காத்து விழித்திருப்போரும், தண்ணீர் பாய்ச்சக் காத்திருப்போரும் சிறிது முயன்றால் நேரம் காணலாம்.

"நூல் விலை அதிகம்" என்பது இரண்டாம் தடை. நூலகம் இலவசம் போலத் தோன்றினும், அதற்கு நாம் முன்பே பணம் கட்டியிருக்கிறோம் என்பதைப் பலர் அறியார். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொதுநூலகச் சட்டம் செய்தது நம் மாநிலம், ஆண்டு 1948. அதன் பின்னே நின்றவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். வீட்டுவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்த்தே வாங்கப்படுகிறது. கட்டிய வரிக்குரிய பயனைப் பெறாதிருப்பது எந்தக் கணக்கில் சேரும்? 2006-07 முதல் ஊராட்சிகளில் நூலகக் கட்டடங்களும் எழுந்தன. அவற்றுட் பல பூட்டியே கிடந்து, நூல்கள் செல்லரித்தன. கட்டடம் அரசால் வரும். பூட்டைத் திறக்கச் செய்வது ஊராரின் கேள்வியால்தான் வரும்.

"எல்லாம் கைப்பேசியில் இருக்கிறதே" என்பது மூன்றாம் தடை. நாம் கைப்பேசிக்குப் பகைவர் அல்லோம். ஏலக்காய் விலை இன்று மின்னணு ஏலத்தில் தீர்மானமாகிறது. அதைக் கைப்பேசியில் கண்டறிவது நல்லதே. நல்ல நூல்களும் அதில் கிடைக்கின்றன. ஆனால் ஒரு வேறுபாட்டை எண்ணிப் பார்க்க வேண்டும். தந்தை கையில் புத்தகம் இருந்தால், அவர் வாசிக்கிறார் என்பது குழந்தைக்குத் தெரியும். கைப்பேசி இருந்தால், அவர் வாசிக்கிறாரா, விளையாடுகிறாரா, வழக்காடுகிறாரா என்று எவரால் அறியக்கூடும்? கண்டு கற்க வேண்டிய தொழிலைக் கைப்பேசி மறைத்துவிடுகிறது. ஆகையால், பெரியவர்கள் தமக்காக இல்லாவிடினும் குழந்தை காண்பதற்காகவேனும் தாளில் அச்சான நூலை எடுக்க வேண்டும்.

நான்காவது தடையை எவரும் உரக்கச் சொல்வதில்லை, மனத்துள் வைத்திருக்கிறார்கள். "பையன் வாசிக்கத் தொடங்கினால் தறியையும் தோட்டத்தையும் விட்டுப் போய்விடுவான்." இவ்வச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. தறியைப் பலர் விட்டுப் போயினர் என்பது உண்மை. ஆனால் அவர்களைத் துரத்தியது புத்தகமா? கட்டுபடியாகாத கூலியும், நிலையற்ற விலையும் அல்லவா? ஒரு நூலும் வாசியாதவரே திருப்பூருக்கும் கேரளத்துக்கும் பெருந்தொகையாகச் சென்றிருக்கின்றனர். இங்கேயே இருப்பவனுக்கோ வாசிப்பு இன்னும் மிகுதியாக வேண்டும். பூச்சிமருந்துப் புட்டியின் முக்கோண நிறம் எதைக் குறிக்கிறது, மருந்தடித்த எத்தனை நாள் கழித்துக் காய் பறிக்கலாம், மண் ஆய்வு அறிக்கை என்ன சொல்கிறது, பயிர்க் காப்பீட்டில் எந்த இழப்பு சேராது என்பனவெல்லாம் சிற்றெழுத்தில் இருக்கின்றன. சிற்றெழுத்தை வாசிக்கும் பொறுமை கதை வாசித்து வளர்ந்தவனுக்கே எளிதில் வாய்க்கிறது. வெளியூர் சென்றவனுக்கும் ஒரு நன்மை உண்டு. நெசவாளர் வாழ்வைச் சொல்லும் ரகுநாதனின் 'பஞ்சும் பசியும்' போன்ற நாவலை அயலூரில் கையில் எடுக்கும்போது, தன் வீட்டுத் தறியை அவன் மீண்டும் காண்கிறான். வாசிப்பவன் ஊரைவிட்டுப் போனாலும் ஊர் அவனை விட்டுப் போவதில்லை.

இங்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். பயனை மட்டும் காட்டி வாசிப்பை விற்க நாம் விரும்பவில்லை. இலாபம் இல்லாவிடினும் வாசிப்பு நல்லது. நாள் முழுதும் பிறர்க்காக உழைத்த உடம்பு, இரவில் ஒரு நாழிகை தனக்கென ஓர் உலகில் உலாவுவது, உழைப்பாளிக்கு உரிய இன்பம். அதைச் செல்வர்க்கு மட்டும் விட்டுக்கொடுப்பானேன்?

சங்கம் செய்யக்கூடியது

இங்கிலாந்தில் ராக்டேல் என்னும் ஊரில் 1844 டிசம்பர் 21-ஆம் நாள் இருபத்தெட்டுப் பேர் சேர்ந்து ஒரு சிறு கடை திறந்தார்கள் என்பது கூட்டுறவாளர் யாவரும் அறிந்த வரலாறு. அவர்களுள் பலர் நெசவாளர். அவர்கள் மாவும் வெண்ணெயும் மட்டும் விற்றதாகவே நாம் நினைவிற் கொள்கிறோம். அவர்கள் தம் சங்கத்தில் வாசகசாலையும் நூலகமும் அமைத்ததையும், இலாபத்தில் நூற்றுக்கு இரண்டரை விழுக்காட்டைக் கல்விக்கென ஒதுக்கியதையும் மறந்துவிடுகிறோம். கூட்டுறவுக் கொள்கைகள் ஏழனுள் ஐந்தாவது கல்வி. அங்கத்தினர் கல்விக்கென நிதி ஒதுக்கும் வழக்கம் இன்றும் நம் சட்டத்தில் இருப்பதற்கு வேர் அங்கே உள்ளது.

அயல்நாடு வேண்டா எனின், மலைக்கு அப்பால் உள்ள கேரளத்தைப் பார்ப்போம். கண்ணூரில் 1969-இல் தொடங்கிய தினேஷ் பீடித் தொழிலாளர் கூட்டுறவில், தொழிலாளர் பீடி சுற்றிக் கொண்டிருக்க, ஒருவர் செய்தித்தாளையும் நூல்களையும் உரக்க வாசிப்பார். வாசித்த நேரத்தில் அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். இதைவிடச் சிறந்த கூட்டுறவு எங்குண்டு? கியூபா நாட்டுச் சுருட்டுத் தொழிற்கூடங்களில் இத்தகைய வழக்கம் 1865 முதல் இருந்து வருகிறது. அங்கே கேட்டவர்கள் வீட்டுக்குச் சென்று பிள்ளைகளிடம் கதையைச் சொன்னார்கள். தொழிற்கூடத்தில் தொடங்கியது குடும்பத்தை அடைந்தது.

நம் சங்கங்களும் இவ்வழியில் சிறிது நடக்கலாம். அலுவலகத்தில் ஒரு மேசை, இரண்டு பலகை, ஒரு பத்திரிகை போதும்; கடன் பெறவோ நூல் வாங்கவோ வந்து காத்திருப்போர் சுவரைப் பார்த்துக் கொண்டிராமல் வாசிக்கலாம். மாதந்தோறும் ஒரு மாலை, துணைவிதிகளில் ஒரு பகுதியும் நல்ல கதை ஒன்றும் உரக்க வாசிக்கப்படட்டும். மனைவி மக்களோடு வருக என்று அறிவிக்கப்படட்டும். அங்கத்தினர் பிள்ளைகளுக்குப் பரிசளிக்கும்போது எவர்சில்வர்ப் பாத்திரத்துடன் ஒரு நூலும் சேரட்டும். செலவு சிறிது, எந்தத் தணிக்கையிலும் இதற்குத் தடை எழாத வண்ணம் பொதுப்பேரவைத் தீர்மானத்தோடு செய்க.

வீட்டில் செய்யத்தக்கவை

சங்கம் உதவலாம், வேர் வீட்டில்தான் ஊன்ற வேண்டும். அதற்கு நாம் கூற விரும்புவன சிலவே.

ஒன்று: இரவு உணவுக்குப் பின் அரைமணி நேரம் தொலைக்காட்சி அணையட்டும். ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்கட்டும். எழுத்தறியாத பாட்டிக்கு அந்த அவையில் முதலிடம் தருக. பேத்தி பாட்டிக்காக வாசிக்கும்போது, தன் வாசிப்பு ஒருவருக்குப் பயன்படுகிறது என்ற பெருமை அவளுக்கு உண்டாகிறது. அப்பெருமைக்கு ஈடான ஆசிரியர் இல்லை.

இரண்டு: குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை அடித்து, நூல்களை அங்கே வையுங்கள். கிழியுமே என்று பூட்டி வைக்காதீர். கிழிந்த நூல் வாசிக்கப்பட்ட நூல்; பூட்டிய நூல் செல்லுக்குத் தீனி.

மூன்று: குழந்தை விரும்பியதை வாசிக்க விடுக. படக்கதையாயினும் பேய்க்கதையாயினும் இகழாதீர். வாசித்து முடித்ததும், "என்ன தெரிந்துகொண்டாய், சொல்" என்று வினாத்தாள் நீட்டாதீர். கதை தேர்வாக மாறிய அன்றே விருப்பம் ஓடிவிடும்.

நான்கு: பெண்மக்களை விலக்காதீர். தார் சுற்றுவதும் தம்பியைப் பார்த்துக்கொள்வதும் அவள் கடன், வாசிப்பது அவன் உரிமை என்று பிரிக்கும் வீட்டில், அடுத்த தலைமுறைக்கு வாசிப்பைக் கொண்டு செல்வார் யார்? பாவின் இழைகளைப் பிணைக்கும் விரல்கள் யாருடையவை என்பதை நினைவிற் கொள்க.

ஐந்து: வீட்டில் உள்ள முதியோர் அறிந்த கதை, பாட்டு, தொழில் நுணுக்கம், ஊர் வரலாறு ஆகியவற்றைப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதி வைக்கட்டும். அக்குடும்பத்தின் முதல் நூல் அதுவே ஆகலாம்.

இவற்றின் பயன் உடனே தெரியாது. ஏலச்செடி நட்ட மூன்றாம் ஆண்டில்தான் காய்க்கத் தொடங்குகிறது. அதுவரை அதற்கு வேண்டுவன நிழலும் ஈரமும் பொறுமையுமே. நட்ட மறுமாதமே காயைத் தேடி மண்ணைக் கிளறும் விவசாயி நம்மில் இல்லை. பிள்ளையின் வாசிப்பிலும் அதே பொறுமை வேண்டும்.

கடனை வசூலிக்க ஆட்கள் உண்டு. சொத்தைக் காக்கச் சட்டம் உண்டு. வாசிப்பை ஒரு குடும்பத்தில் காப்பதற்கு அக்குடும்பத்தாரைத் தவிர வேறு காவல் இல்லை. அங்கத்தினர் அன்பர்கள் இம்மாத இதழை வாசித்து முடித்ததும் மடித்து வைத்துவிடாமல், வீட்டில் உள்ள இளையவர் ஒருவரிடம் கொடுத்து, தமக்குப் பிடித்த ஒரு பக்கத்தை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்பாராக. தொடக்கத்துக்கு அதுவே போதும்.